ஃபிரிட்ஜ் கேட்ட அழுத்தம்

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் தண்ணீரை அளந்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. அவருக்கு டாக்டர் சொன்ன அளவு நாளைக்கு ஒரு லிட்டர். காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். சென்னை வெயிலில் ஒரு லிட்டரில் நாளை ஓட்டுவது எவ்வளவு கொடுமை என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும். அந்தத் தாகத்துக்கு நோயாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வழி ஐஸ். ஒரு மடக்குத் தண்ணீர் வாயில் பட்ட உடனே உள்ளே போய்விடும். அதே தண்ணீர் ஐஸாக இருந்தால் நாக்கில் கிடந்து மெதுவாகக் கரையும், வாய் ரொம்ப நேரம் ஈரமாக இருக்கும். சின்னச் சின்னத் துண்டாக நான்கைந்து கரைந்தாலும் கணக்கில் ஏறுவது அரை டம்ளர்கூட இல்லை.

தாகம் அதிகம் எடுப்பது ராத்திரியில். நள்ளிரவுக்கு மேல் எழுந்து, விரல் நடுக்கத்தோடு ஐஸ் டிரேயை முறுக்கி, பாதி டிரேக்குள்ளும் பாதி தரையிலுமாகக் கொட்டுவார். அது கரைந்த ஈரத்தில் அவர் கால் வைத்துவிடக் கூடாதே என்று எனக்குத் தூக்கமே பிடிக்காது. எங்களை எழுப்புங்கள் என்றால் கேட்க மாட்டார். ஒரு துண்டு ஐஸுக்காக மகளைக் கூப்பிடுவது அவருக்கு ஏதோ குறைந்துபோன மாதிரி. அதனால்தான் கதவிலேயே ஐஸ் தரும் ஃபிரிட்ஜ் வாங்க முடிவு செய்தோம். டம்ளரை வைத்து அழுத்தினால் நொறுக்கிய ஐஸ் விழும். உள்ளே தொட்டி வைத்து நாமே தண்ணீர் நிரப்பும் வகையும் கடையில் இருந்தது. ஆனால் நாங்கள் பார்த்தவற்றில் அந்த வகையில் கதவில் தண்ணீர் மட்டும்தான் வந்தது. ஐஸைத் தானாகச் செய்து, தானாகக் கொட்டும் மாடலுக்கு வீட்டுத் தண்ணீர்க் குழாயிலிருந்து இணைப்பு கொடுக்க வேண்டும் என்றார்கள். குழாய் வீட்டில் இருக்கிறது, இணைப்புதானே, சரி என்று பணம் கட்டினோம்.

கடையில் யாரும் எங்களிடம் எந்த மாடி என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். டெமோ காட்ட வந்த பையன் பெட்டியிலிருந்து சுருட்டி வைத்த வெள்ளை டியூப் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "தண்ணி லைன் நீங்க பிளம்பர வெச்சுப் பாத்துக்கணும் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நான்காவது மாடிக் கணக்கு

எங்கள் கட்டடத்துக்குப் பல வருடங்களாக வேலை பார்க்கும் பிளம்பர் அண்ணா, டியூபைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கேட்டது கையேட்டை. தண்ணீர் அழுத்தம் என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். குறைந்தது 20 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), அதிகபட்சம் 120 என்று போட்டிருந்தது. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களுக்கு ஏறக்குறைய இதே எல்லைதான். அவர் ஜன்னல் பக்கம் போய் மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, உங்களுக்குத் தலைக்கு மேலதான் டேங்க். அஞ்சு ஆறுகூடத் தேறாது."

கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தன் எடையால் கொடுக்கும் அழுத்தம் சுமார் 14 பி.எஸ்.ஐ. எங்கள் வீடு நான்காவது மாடி, அதுதான் கடைசி. மொட்டை மாடியில் தொட்டி நிற்கும் மேடை, தொட்டியில் இருக்கும் தண்ணீர் மட்டம், சமையலறைக் குழாயின் உயரம் எல்லாம் கணக்குப் பார்த்தால் நான்கு மீட்டர் வித்தியாசம் வரும். அதாவது ஆறுக்கும் குறைவான பி.எஸ்.ஐ. 20 வேண்டுமென்றால் தொட்டி நம் குழாயை விட 14 மீட்டர் மேலே இருக்க வேண்டும். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால், எங்கள் கட்டடத்திலேயே தரைத் தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் அந்த அளவை எட்டிப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அதுவும் மற்ற வீட்டுக் குழாய்கள் மூடியிருக்கும்போது. நல்ல காற்று, வெளிச்சம் என்று கூடுதல் பணம் கொடுத்து மேல் மாடி வாங்கியவர்களுக்குத்தான் தண்ணீர் சோகையாக வரும். ஷவருக்குத் தனியாகப் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை.

டெக்சாஸில் இருக்கும் அத்தை மகனிடம் அன்றைக்குப் பேசியபோது அவனுக்கு இந்தப் பிரச்சினையே புரியவில்லை. அவன் வீட்டில் ஃபிரிட்ஜ் வைக்கும் இடத்துக்குப் பின்னால் சுவருக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு வால்வு. வீடு கட்டும்போதே வைத்துவிடுகிறார்கள். டியூபை மாட்டித் திறந்தால் முடிந்தது. தெருக் குழாயிலிருந்து நேராக, ராத்திரி பகல் இல்லாமல் 40, 60 பி.எஸ்.ஐ. வந்துகொண்டே இருக்கும். 80ஐத் தாண்டினால் குறைக்கும் வால்வு போட வேண்டும் என்பது அங்கே கட்டட விதி. அவர்களுக்கு அழுத்தம் அதிகமாவதுதான் கவலை. பழைய பிளாஸ்டிக் டியூப் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் விரிசல் விட்டு, யாரும் பார்க்காமல் மரத்தரை முழுக்க ஊறி நாசமாவதுதான் அங்கே வழக்கமான விபத்து. அவன் சொன்ன எச்சரிக்கை எல்லாம் வெள்ளத்தைப் பற்றி. எனக்கோ தண்ணீர் ஏறுமா என்பதே சந்தேகம்.

மூடுவதற்கும் அழுத்தம் வேண்டும்

அழுத்தம் குறைந்தால் என்ன ஆகிவிடும், கொஞ்சம் மெதுவாக நிரம்பும், அவ்வளவுதானே என்று நான் கேட்டேன். அப்பாவுக்கு அவசரம் இல்லை, ஒரு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் ஆகட்டும். பிளம்பர் அண்ணா தலையை ஆட்டினார். "அப்படி இல்லக்கா. தண்ணி வேகமா வந்தாத்தான் இந்த வால்வு மூடும். இல்லன்னா ஒழுகும்." நான் தப்பாகக் காதில் வாங்கிவிட்டேனோ என்று திரும்பக் கேட்டேன். அதையேதான் சொன்னார். தண்ணீர் பலமாக வந்தால் ஒழுகும், மெதுவாக வந்தால் ஒழுகாது என்பதுதான் நான் பிறந்ததிலிருந்து பார்த்த உலகம். இவர் தலைகீழாகச் சொல்கிறார்.

அவர் போன பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பது சோலினாய்டு வால்வு. உள்ளே டயாஃபிரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு, அதன் நடுவில் ஒரு சின்ன ஓட்டை, அந்த ஓட்டையை அடைத்தபடி ஒரு குட்டி இரும்புத் தண்டு. மின்சாரம் வந்ததும் காந்தம் அந்தத் தண்டை மட்டும்தான் தூக்கும். அவ்வளவு சின்னக் காந்தத்துக்குத் தண்ணீர்ப் பாதை முழுவதையும் திறந்து மூடும் பலம் கிடையாது. தண்டு விலகியதும் டயாஃபிரத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர் வடிந்துவிட, கீழே வரும் தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொள்கிறது. மின்சாரம் நின்று தண்டு ஓட்டையை அடைத்ததும், ஓரத்தில் இருக்கும் ஊசித் துளை வழியாக மேலே மறுபடி தண்ணீர் சேர்ந்து, அந்தத் தண்ணீரின் அழுத்தமே டயாஃபிரத்தை அமுக்கி மூடுகிறது. ஆகத் திறப்பதும் தண்ணீர், மூடுவதும் தண்ணீர். போதுமான அழுத்தம் இல்லாவிட்டால் டயாஃபிரம் முழுசாக உட்காராது. நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு ஃப்ரீசருக்குள் போகும் டியூபிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும், அல்லது அச்சு நிரம்பி வழிந்து ஐஸ் பெட்டி முழுவதும் ஒரே பாளமாகிவிடும்.

இன்னொன்றும் தெரிந்தது. பல ஐஸ் மேக்கர்கள் தண்ணீரை அளந்து பிடிப்பதில்லை. வால்வைச் சில நொடி திறந்து மூடும், அந்த நேரத்துக்குள் வந்ததுதான் கணக்கு. அழுத்தம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அந்த நொடிக் கணக்கே போட்டிருக்கிறார்கள். இல்லாத வீட்டில் ஐஸ் துண்டு பாதி அளவில், நடுவே பொந்தாக வரும். என் அப்பாவுக்காக நான் வாங்கிய அந்த இயந்திரம், எந்நேரமும் குழாயில் அழுத்தம் நிற்கும் ஓர் ஊரைத் தனக்குள் எழுதி வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. இங்கே அந்த ஊர் இல்லை.

அழுத்தம் என்பது வசதி, ஷவரில் சுகமாகக் குளிப்பதற்கான ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது காவலும் என்று அந்த வால்வு காட்டியது.

எங்கள் தண்ணீரும் ஐஸும்

அழுத்தத்தைச் சரிசெய்வதற்கு முன்னால் எந்தத் தண்ணீரை ஃபிரிட்ஜுக்குக் கொடுப்பது என்ற கேள்வி இருந்தது. எங்கள் சம்ப்பில் வாரியத் தண்ணீர், போர்த் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர் மூன்றும் கலக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்தால் லிட்டருக்கு 800 மில்லிகிராமைத் தாண்டிக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 500, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஃபில்டர் இருக்கிறதே என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அது கார்பன் ஃபில்டர். குளோரின் வாடையை எடுக்கும், சில மாடல்களில் ஈயம் போன்றவற்றையும் பிடிக்கும். உப்பை அது தொடாது. கடின நீர் அப்படியே போனால் வால்விலும் டியூபிலும் சுண்ணாம்பு படியும். உறையும்போது தண்ணீர் தன்னிடம் கரைந்திருக்கும் உப்பை உள்ளே தள்ளிக்கொண்டே போவதால் துண்டின் நடுவில் வெள்ளையாகத் திரளும், கரைந்தால் டம்ளர் அடியில் வெள்ளைத் தூள் தங்கும். சிறுநீரக நோயாளிக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க மனம் வரவில்லை.

அப்படியென்றால் ஆர்.ஓ. தண்ணீர்தான். நம் சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. மெஷினில் ஒரு விசேஷம் உண்டு. உப்பை வடிகட்டும் மெம்பிரேன் வழியாகத் தண்ணீரைத் தள்ள உள்ளே ஒரு பம்ப் இருக்கிறது. ஆனால் சுத்தமான தண்ணீர் போய்ச் சேரும் பிளாஸ்டிக் தொட்டியில் எந்த அழுத்தமும் கிடையாது. குழாயைத் திறந்தால் அது தன் எடையில் வழியும், அவ்வளவுதான். ஒரு அடி உயரத்துக்கு அரை பி.எஸ்.ஐ.கூட வராது. இதை நேரே ஃபிரிட்ஜில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரண்டு மாதம் கழித்து ஐஸ் வரவில்லை என்று கம்பெனிக்குப் போன் போட்டால், வால்வு போய்விட்டது என்று மாற்றிவிட்டுப் பில் கொடுப்பார்கள். வால்வின் மேல் தப்பே இருந்திருக்காது.

பிளம்பர் அண்ணா செய்தது இது. ஆர்.ஓ. தொட்டியிலிருந்து ஒரு சின்ன டயாஃபிரம் பம்ப், அதோடு பிரஷர் ஸ்விட்ச், அதற்கு அடுத்துக் காற்றுப் பை வைத்த ஒரு இரும்புத் தொட்டி. பம்ப் 40 வரை ஏற்றிவிட்டு நிற்கும். ஃபிரிட்ஜ் தண்ணீர் எடுக்கும்போது முதலில் தொட்டிக்குள் அமுங்கி இருக்கும் காற்று தண்ணீரைத் தள்ளும், அழுத்தம் இறங்கினால்தான் பம்ப் ஓடும். அந்தத் தொட்டி இல்லாவிட்டால் ஒவ்வொரு டம்ளருக்கும் பம்ப் உறுமி எழும், ராத்திரியில் வீடே விழித்துக்கொள்ளும். அங்கிருந்து உணவுத் தரமான கால் இஞ்ச் பாலிஎத்திலீன் டியூப். தாமிரக் குழாய் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆர்.ஓ. தண்ணீருக்கு வேண்டாம் என்றார். உப்பு நீங்கிய தண்ணீர் தாமிரத்தை மெல்ல அரிக்கும். ஃபிரிட்ஜின் சொந்த ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதற்கான அடைப்பானைப் போட்டோம். ஏற்கெனவே சுத்தமான தண்ணீர், வீணாக அழுத்தத்தைக் குறைப்பானேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் ஒரு வால்வு. ஊருக்குப் போனால் அதை மூடிவிட்டு, பம்ப் ஸ்விட்சையும் அணைத்துவிட வேண்டும். டியூப் எங்காவது கழன்றால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், ஆர்.ஓ. நிரப்பிக்கொண்டே இருக்கும், கீழ் வீட்டுக் கூரையில்தான் முதலில் தெரியும்.

முதலில் விழுந்த ஐஸை எல்லாம் கொட்டிவிட்டு, அதற்கு அடுத்ததைத்தான் அப்பாவிடம் கொடுத்தோம். இப்போது ராத்திரியில் அவரே எழுந்து எடுத்துக்கொள்கிறார். சின்ன உறுமல், நொறுங்கும் சத்தம், டம்ளரில் விழும் சத்தம். நான் படுக்கையிலேயே கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

குழாய்க்குள் வெற்றிடம்

வேலை முடிந்துவிட்டது. ஆனால் அந்த வால்வு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அழுத்தம் இருந்தால்தான் மூடும் என்பது தெருக் குழாய்க்கும் பொருந்தும். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஓடும் எந்தக் குழாயிலும் இணைப்புகளில் எங்காவது கசிவு இருக்கும். குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருந்தால் கசிவில் தண்ணீர் வெளியேதான் போகும். நஷ்டம்தான், ஆனால் அழுக்கு உள்ளே வராது. நம் நாட்டு நகரங்களில் பெரும்பாலும் தண்ணீர் சில மணி நேரம்தான் விடப்படுகிறது. மீதி நேரம் குழாய் காலி. அப்போது அதே விரிசல் வழியாக வெளியே இருக்கும் சாக்கடை ஈரம் உள்ளே இறங்குகிறது. மறுநாள் தண்ணீர் விட்டதும் முதலில் வரும் கலங்கல் அதுதான். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து எவ்வளவு நல்ல தண்ணீர் கிளம்பினாலும் வழியில் கெட்டுவிடும். தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி குற்றம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வீடு உறிஞ்சினால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வரும். உறிஞ்சியவர் வீட்டுக்கு மட்டும் இல்லை, தெரு முழுவதற்கும்.

அப்பாவின் டயாலிசிஸ் சென்டரில் இதற்கு நேர் எதிரான காட்சியைப் பார்த்தேன். ஒரு முறை மெஷினில் நான்கு மணி நேரம் படுத்தால் நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் அவர் ரத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் புறம் ஓடுகிறது. வாய்க்கு ஒரு லிட்டர் மட்டும் அனுமதி உள்ளவருக்கு! அந்தத் தண்ணீரைத் தயாரிக்கும் அறையில் குழாய் வட்டமாகப் போய்த் திரும்பி வருகிறது. யாரும் எடுக்காத நேரத்திலும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், நின்றால் கிருமி சேரும் என்று அங்கிருந்த டெக்னீஷியன் சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தத்தைக் காட்டும் ஒரு பிரஷர் கேஜ். அதன் எண்களை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். தண்ணீர் எவ்வளவு என்பதோடு அழுத்தம் எவ்வளவு என்பதையும் அக்கறையாக எழுதி வைப்பதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

நாம் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது எல்லாம் அளவைப் பற்றித்தான் பேசுகிறோம். ஏரியில் எத்தனை அடி, எத்தனை டி.எம்.சி., நாளைக்கு எத்தனை மில்லியன் லிட்டர். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர், அளவைப் பற்றிக் கவலைப்படத்தான் செய்யும். ஆனால் அளவு இருந்த வருடங்களிலும் நாம் சம்ப் கட்டினோம், மோட்டார் வைத்தோம், தொட்டி ஏற்றினோம், ஆர்.ஓ. மாட்டினோம், இப்போது ஃபிரிட்ஜுக்காக நான் இன்னொரு பம்ப்பும் இன்னொரு தொட்டியும் வைத்திருக்கிறேன். ஊருக்கு ஒன்றாக இருக்க வேண்டிய நீரேற்று நிலையத்தை வீட்டுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆர்.ஓ. மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுக்க அதைவிட அதிகத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது என்பதும் இந்தச் செலவில் சேரும். பணம் இருப்பவர்கள் கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் தெருமுனையில் தெருக் குழாயோடு இணைத்த கைப்பம்ப்பில் பிடிக்கிறவர்களுக்குக் குழாய்க்குள் வருவதுதான் தண்ணீர்.

இது நம் நாட்டில் முடியாத காரியமும் இல்லை. ஒடிசாவில் புரி நகரம் 2021 ஜூலையில் குழாயில் நேரே பிடித்துக் குடிக்கும் 24 மணி நேரத் தண்ணீரைத் தொடங்கியது. கோயிலுக்கு வரும் யாத்ரிகர் கூட்டத்தைச் சமாளிக்கும் ஊர் அது. கோயம்புத்தூரில் 24 மணி நேரக் குடிநீருக்கு 2018இல் ஒப்பந்தம் போட்டார்கள். தெருவைத் தோண்டுவதும், மீட்டர் வைப்பதும், பணம் பற்றிய சண்டையும் அதோடு வரும். தண்ணீர்க் கட்டணம் ஏறும் என்று பயப்படுகிறவர்களின் பயத்தில் நியாயம் உண்டு. ஏழைகளுக்கு ஒரு அளவு வரை இலவசமாகக் கொடுத்துவிட்டு மேலே வாங்கட்டும். என்னைப் போன்றவர்கள் பம்ப்புக்கும் மெம்பிரேனுக்கும் மின்சாரத்துக்கும் இப்போதே கொடுத்துக்கொண்டிருக்கும் காசைக் கூட்டிப் பார்த்தால், நல்ல கட்டணத்தைச் சந்தோஷமாகக் கொடுக்கலாம்.

எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் இதைப் பேசினேன். சிலர் ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர்கள், அவர்களுக்குப் பம்ப் விவரம்தான் வேண்டியிருந்தது. சொன்னேன்: வாங்குவதற்கு முன்னால் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள், விலை சில நூறு ரூபாய்தான். காலையில் எல்லா வீட்டிலும் குளிக்கும் நேரத்தில் குழாயில் மாட்டிப் பாருங்கள், ராத்திரியில் பார்க்காதீர்கள். 20க்குக் கீழே காட்டினால் பம்ப் செலவையும் ஃபிரிட்ஜ் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் தொட்டி நிரப்பும் மாடலை வாங்குங்கள். செக்ரட்டரி சார் மட்டும் கூட்டம் முடிந்த பிறகு வந்து, தெருக் குழாய் சம்ப்புக்கு வரும் இடத்திலும் ஒரு கேஜ் மாட்டினால் என்ன என்று கேட்டார். மாட்டிவிட்டோம். சம்ப்புக்குத் தண்ணீர் திறந்து கொட்டிக்கொண்டிருக்கும்போது முள் எழும்பாது. வால்வை ஒரு நிமிடம் மூடிவிட்டுப் படிக்க வேண்டும். அதை வாட்ச்மேன் தாத்தாவுக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று. தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், முள் காட்டிய எண் என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டு கேட் அறையில் தொங்குகிறது. கோடை முடியும் வரை எழுதட்டும், அதற்கு அப்புறம் பக்கத்துக் கட்டடங்களையும் கூட்டி உட்காரலாம் என்று இருக்கிறோம். எதிர் பிளாக்கில் ஒருவர் நேற்று வந்து, கேஜ் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.